வெள்ளைப் பூ வரும்வரை

வாழை இலையைச் சதுரமாக நறுக்கி, மடித்து, வாழைநாரால் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். அம்மன் காலடியில், மஞ்சள் தடவிய பித்தளைத் தட்டில் அவை கிடந்தன. ஒன்றினுள் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்பு இட்லிப் பூ. வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. பூசாரி இரண்டையும் ஒரே அளவில், ஒரே மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. இன்று மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எத்தனையோ பொருள்களைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டியிருக்கிறேன். ஆனாலும் விரல் நுனியில் தங்கியிருப்பது அந்த ஈர இலையின் வழுவழுப்புதான்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. பெண் பார்த்துவிட்டு வந்தால் கட்டுவார்கள். வீடு வாங்குவதற்கு முன் கட்டுவார்கள். டாக்டர் அறுவை சிகிச்சை என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன் கட்டுவார்கள். கேள்வியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைக்கென்று தனியாக ஆசை எதுவும் இருக்காது என்பது நம்பிக்கை. ஆசை இல்லாத கை வழியாகத்தான் சாமி பேசும். அன்று அந்தக் கை என்னுடையது. கேள்வி என் அக்காவினுடையது. அவள் ஆசிரியர் ஆவதா, தாதி ஆவதா?

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். பள்ளியின் கடைசிப் படிப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு, தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் ஈப்போவில் எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராகப் போனாள். முதலாம் வகுப்பு. பிள்ளை பெறப் போன ஒரு டீச்சருக்குப் பதிலாகத்தான் அவளை எடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்த வகுப்பைத் தவிர வேறு பேச்சு கிடையாது. யாருக்கு ‘ழ’ வரவில்லை, யார் பென்சிலைக் கடித்தே தீர்க்கிறான், யார் மத்தியானச் சாப்பாட்டுக்கு எதுவும் கொண்டு வருவதில்லை என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா சிரிப்பார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

முடிவுகள் வந்த பிறகு, ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று மக்தாப். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை அப்போது எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். மற்றது அரசாங்கத் தாதியர் கல்லூரி. மக்தாப்புக்கு அவளே ஆசைப்பட்டு மனுப் போட்டாள். தாதியர் கல்லூரிக்கு அப்பா போடச் சொன்னார், போட்டாள். எங்களைப் போன்ற குடும்பத்தில், ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி ஈப்போ ஓரத்து ஜெலாப்பாங்கில் வாடகை வீட்டில் இருந்த குடும்பத்தில், ஒரு பெண்ணுக்கு இரண்டில் ஒன்று கிடைப்பதே பெரிய காரியம். இரண்டும் கிடைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. மக்தாப்புக்கு எடுத்துப் போக வேண்டிய பெட்டியைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

யோசித்தவர் அப்பா. அவருடைய காரணங்களை இன்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை நேர்மாறான வரிசையில் வெளிவந்தன என்பது தெரிகிறது. கடைசிக் காரணத்தை முதலில் சொன்னார்.

“டீச்சராப் போனா எங்கயாச்சும் தூக்கிப் போட்டுருவானுங்க. கடல் தாண்டி சரவாக்ல போட்டா என்ன செய்வ?”

“சரவாக்ல தமிழ்ப்பள்ளியே இல்லப்பா.”

“இல்லனா தொறப்பானுங்க.”

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைச் சொன்னார். பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு டீச்சர் எதற்கு என்றார். அதற்கு அடுத்த நாள், தாதிகளுக்குச் சிங்கப்பூரில் என்ன மரியாதை என்றார். உண்மையான காரணம் அந்த வாரக் கடைசியில், அம்மாவின் காலுக்கு அக்கா மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அம்மாவுக்கு நெடுநாள் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் ஒரு புண் ஆறாமலே கிடந்தது. அக்கா துணியை அவிழ்த்து, துடைத்து, புதிதாகச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா சொன்னார்:

“டீச்சர் ஆனா அடுத்தவன் புள்ளயப் பாப்ப. மிஸ்ஸி ஆனா நம்மளப் பாப்ப.”

மிஸ்ஸி என்றால் தாதி. தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்து வரும் சொல். அப்பா தோட்டத்தில் வளர்ந்தபோது காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் ஒரே மருந்து, ஒரே மிஸ்ஸி, நீண்ட வரிசை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு, வீட்டிலேயே ஒரு மிஸ்ஸி இருப்பது எப்படிப்பட்ட கனவாக இருந்திருக்கும் என்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்துகொள்வதால் கசப்பு குறைந்துவிடும் என்று சொல்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

“அவளுக்கு எது புடிக்குதோ அதப் படிக்கட்டும்லா. என் காலு எனக்கு,” என்றார் அம்மா. அப்பா இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம், சாமி சொல்கிறபடி செய்வோம் என்றார். அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். அவள் பயப்படவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். அவள் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. தீமிதிக்கு அம்மாவோடு பால்குடம் எடுத்த அம்மன் அது. தனக்கு வேண்டியது எது என்று அந்த அம்மனுக்குத் தெரியும் என்று அவள் முழுமையாக நம்பினாள். போகும் வழியெல்லாம் வேனில் பாடிக்கொண்டே வந்தாள்.

கோயில் ஆயர் தாவார் பக்கத்தில் இருந்தது. ரப்பர் எடுத்த பால்மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுப் பல வருடமாகியிருந்தது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயிலை மட்டும் இடிக்கத் துணியவில்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே, யாருமற்ற இடத்தில், பச்சையும் மஞ்சளும் பூசிய சின்னக் கோபுரம். பூசாரி வாரநாளில் செம்பனைப் பழ லாரி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேட்டி கட்டுவார். அப்பாவைவிட இளையவர். அப்பாவை அண்ணே என்றுதான் அழைப்பார்.

எந்தப் பூ எதற்கு என்பதை அப்பா சொன்னார். வெள்ளை மிஸ்ஸிக்கு, அவர்கள் வெள்ளைச் சட்டை போடுவதால். சிவப்பு டீச்சருக்கு. பொதுவாகப் பூக்கட்டிப் பார்க்கும்போது வெள்ளை வந்தால்தான் நல்லது என்பார்கள். அப்பா வெள்ளையை எடுத்துக்கொண்டதை அம்மா கவனித்து, அக்காவைப் பார்த்தார். அக்கா தோளைக் குலுக்கினாள்.

“பரவாயில்லம்மா. டீச்சர் செவப்பு மைலதானே திருத்துவாங்க.”

என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடச் சொல்லவில்லை, மூடியிருந்தாலும் வேறுபாடு இல்லை. குனிந்து, வலப்பக்கம் இருந்ததை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்தார். இட்லிப் பூ, கொத்தாக, சிவப்பாக. அக்கா கைகூப்பினாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு ஏதோ பரிசு வென்றது போலிருந்தது.

“இவ கைய கழுவல,” என்றார் அப்பா. “வேன்ல முறுக்கு தின்னா. எச்சிக் கை.”

கழுவாத கையால் எடுத்தது செல்லாது என்பதை யாரும் மறுக்க முடியவில்லை. குழாயடிக்கு அழைத்துப் போய் அக்காதான் என் கையைக் கழுவிவிட்டாள். நகக்கண்வரை தேய்த்துக் கழுவினாள். பூசாரி புதிதாக இரண்டு பொட்டலம் கட்டி, தட்டைச் சுழற்றி வைத்தார். இந்த முறை இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

செம்பனைக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணே, ஆத்தா ரெண்டு தடவ சொல்லிட்டா,” என்றார்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. நாங்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தோம். “ராகு காலத்துல கேட்டா ஆத்தா எப்படிடா சொல்லும்? மாத்தித்தான் சொல்லும். நீ பூசாரியா இருந்துக்கிட்டு நேரம் பாக்கலியா?”

“நீங்க அவசரப்படுத்துனீங்க அண்ணே.”

“ஆறு மணிக்கு மேல கட்டு. மூணாவதுதான் வாக்கு. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.”

அப்படி ஒரு வழக்கத்தை நான் அதற்கு முன்பும் கேள்விப்பட்டதில்லை, பின்பும் கேள்விப்பட்டதில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டு, ராகு காலம் கழியக் காத்திருந்தோம். அம்மா புண்பட்ட காலை நீட்டி வைத்திருந்தார், அதில் ஈ மொய்க்காமல் அக்கா துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவதை நிறுத்தியிருந்தாள். ஒருமுறை மட்டும், “இப்பவும் செவப்பு வந்தா என்னப்பா செய்வீங்க?” என்று கேட்டாள். அப்பா தேநீரை ஊதிக் குடித்தார்.

ஆறு மணிக்குப் பிறகு எடுத்தது வெள்ளை. அப்பா, “மணிய அடி தம்பி,” என்றார். பூசாரி கற்பூரம் கொளுத்தி மணியை அடித்தார். அப்பாவின் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. அவர் நடிக்கவில்லை. இதை நான் பல வருடம் நம்ப மறுத்தேன், இப்போது நம்புகிறேன். வெள்ளை வந்த அந்தக் கணத்திலேயே முதல் இரண்டு முறையையும் அவர் மறந்துவிட்டார். அவருக்கு அம்மன் ஒரே ஒரு முறைதான் பேசியது. அக்கா விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து, திருநீற்றை என் நெற்றியில் பூசினாள். “நல்ல கைடி ஒனக்கு,” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவள் ஏன் மறுக்கவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறுத்தால் அப்பாவை மறுத்ததாக மட்டும் ஆகியிருந்தால் மறுத்திருப்பாள். அப்பாவோடு எத்தனையோ முறை வாதாடியவள்தான். ஆனால் அப்பா தன்னை ஒதுக்கிக்கொண்டு, நடுவில் அம்மனை நிறுத்திவிட்டார். நம்புகிறவர்களைத்தான் இப்படிக் கட்டிப்போட முடியும். நம்பாதவளாக இருந்திருந்தால் அன்றே மக்தாப்புக்குப் பெட்டி கட்டியிருப்பாள்.

என் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. நோயாளியின் உடம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் இயந்திரம் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று மூன்று முறை அளப்போம். மூன்று அளவையும் பதிய வேண்டும். முதல் இரண்டும் ஒத்துப்போய் மூன்றாவது மட்டும் விலகினால், மூன்றாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிடித்த அளவு வரும்வரை அளந்துவிட்டு, பிடிக்காதவற்றைக் கழித்துவிடுவது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத செயல். பயிற்சியில் இதைக் கேட்டபோது வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அக்கா நல்ல தாதி ஆனாள். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவளுடைய திறமையையே பிற்பாடு எல்லாரும் சாட்சியாக்கிக்கொண்டார்கள். தாப்பாவில் முதல் வேலை, பிறகு ஈப்போ. கை நடுங்காது, குரல் உயராது, குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே பொறுமை. நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் மற்ற தாதிகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குடும்பமும் கூப்பிட்டது. யாருக்கு மாரில் எரிச்சல் என்றாலும் அவளுக்குத் தொலைபேசி வரும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தவளை எழுப்பி, மணமகளின் அறையில் நான்கு அத்தைகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வைப்பார்கள். அந்தக் கருவியை அவள் பட்டுப்புடவைக்குப் பொருத்தமான கைப்பையில் வைத்திருப்பாள். “மிஸ்ஸி வந்துருச்சு, இனி பயமில்ல,” என்று ஒரு மாமா எப்போதும் சொல்வார், பிறகு இரண்டாவது முறை பாயசம் வாங்குவார்.

யாராவது அவளைப் புகழ்ந்தால் அக்கா என்னைக் காட்டுவாள். “என்னையச் சொல்லாதீங்க. இவ கைராசி. இவதான் எடுத்துக் கொடுத்தா.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் அவள் சொன்னதில்லை. அம்மனைப் பற்றியும் சொன்னதில்லை. எடுத்தது என் கை மட்டுமே என்பதுபோல் இருபது வருடம் பேசினாள். அது என் பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

அரசாங்கத்துக்கு உழைத்துத் தீர்க்க வேண்டிய ஒப்பந்தக் காலம் முடிந்த வருடம், அவள் மறுபடி கேட்டாள். அப்போதும் வயது இருந்தது. பட்டப்படிப்பு முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற வழிகளையெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது, யாரையும் பார்க்காமல், சோற்றைப் பார்த்துச் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. மிகவும் கனிவாக, “அப்ப மறுபடி ஒரு தடவ பூக்கட்டிப் பாத்துருவோமாம்மா?” என்றார். கிண்டல் இல்லை, மனதாரக் கேட்டார்.

அக்கா சிரித்தாள். “வேணாம்பா. ஆத்தாவுக்கு ஆயிரம் வேல இருக்கும். எத்தன தடவதான் வரும்?” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அந்த ஆண்டே அம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

எனக்கு முறை வந்தபோது பூ கட்டவில்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறேன் என்றேன். “வீட்டுக்கு ஒரு மிஸ்ஸி இருக்கு, நீ ஒனக்குப் புடிச்சதப் படி,” என்றார் அப்பா, பெரிய மனத்தோடு. என் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவள் அடுப்படியில் நின்று எனக்காக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாழ்த்துச் சொன்னாள். பெட்டி வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒருமுறை மட்டும் அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். அவளுடைய வார்டில் ஒரு மருந்து இயந்திரம் பழுது என்று என்னை அனுப்பியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் காய்ச்சலோடு ஒரு சின்னப் பெண், பக்கத்தில் அவள் தாய். அக்கா ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தாய் சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு, “டீச்சர்?” என்றாள்.

அக்கா திரும்பினாள். அந்தச் சொல்லுக்கு அவள் எவ்வளவு வேகமாகத் திரும்பினாள் என்பதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தவள் நான்.

“டீச்சர், நான் ஒன்னாம் வகுப்புல உங்ககிட்ட படிச்சேன். பென்சில கடிப்பேன்னு என் பென்சில்ல வேப்பெண்ண தடவுனீங்க.”

“அது நீதானா?” என்றாள் அக்கா. “பையன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வகுப்புல இருந்தீங்களே, ரெட்டப் புள்ளைங்க.”

“ரெண்டு பேரும் கடிப்போம் டீச்சர். நாலு மாசந்தான் இருந்தீங்க. ஏன் டீச்சர் விட்டுட்டீங்க?”

“விடலம்மா. சாமிக்கு ஒரு நர்ஸ் தேவப்பட்டுச்சு.” சொல்லிக்கொண்டே குழந்தையின் கையைப் பிடித்து ஊசியைப் போட்டுவிட்டாள். குழந்தை அழக்கூட நேரமில்லை. அந்தப் பெண் சிரித்தாள். அக்கா திரும்பி மருந்துத் தட்டை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். நான் இயந்திரத்தை மூடி, வேலை முடிந்தது என்று சொல்லிக் கிளம்பினேன்.

அம்மா இறந்த அடுத்த ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது. வலது கை போனது, பேச்சும் போனது. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது, தான் சொல்ல நினைக்கும் சொல் மட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் “கதவு” என்பார், தவறு என்று தெரிந்து அழுவார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் மாதம் ஒருமுறைதான் நேரம் கிடைத்தது. மற்ற நாள்களுக்கு வீட்டில் பழக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா பிஸ்கட் பெட்டிகளை வெட்டி அட்டைகள் செய்தாள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். தினமும் வேலை முடிந்து வந்து, குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். வீட்டில் இருக்கும் அப்பாவுக்குப் பாடம் சொல்ல எதற்குப் பவுடர் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

அவள் பாடம் நடத்தியதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பா தடுமாறும்போது நான் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அக்கா கொடுக்கமாட்டாள். காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் அவசரமோ இரக்கமோ இருக்காது, அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும். முதல் எழுத்துக்கு உதட்டைக் குவித்துக் காட்டுவாள், ஒலி எழுப்பமாட்டாள். அவர் சரியாகச் சொன்னால் பெரிதாகப் பாராட்டமாட்டாள், அடுத்த அட்டையைக் கொஞ்சம் கடினமானதாக எடுப்பாள். அதுதான் பாராட்டு என்று இரண்டாம் வாரத்தில் அப்பாவுக்கே புரிந்துவிட்டது. அட்டை மாறும்போது நிமிர்ந்து உட்காருவார். பெயர்ச்சொற்கள், பிறகு வினைகள், பிறகு இரண்டு சொல் சேர்த்து. நோயாளியைத் தேற்றுகிறவளாக அவள் அங்கே உட்காரவில்லை. நாற்காலியில் அவள் முதுகு வேறு மாதிரி நிமிர்ந்திருந்தது. பயிற்சி கொடுத்த பெண் வியந்துபோய், “நீங்க முன்ன டீச்சரா இருந்தீங்களா சிஸ்டர்?” என்று கேட்டாராம். இந்த வேலைக்குப் பிறந்த ஒருத்திக்கு ஒரே ஒரு மாணவர் கிடைத்தார். அவளை அந்த வேலைக்கு விடாதவரே அந்த மாணவர்.

அப்பா போய் ஓராண்டு ஆகிறது. அக்கா இப்போதும் அதே வார்டில் இருக்கிறாள். அவளுக்கு நாற்பது நெருங்குகிறது, ஆசிரியர் பயிற்சிக்கான வயது கடந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றைத்தான் சொன்னார்கள்: மிஸ்ஸி மகள் இருந்ததால் புண் இல்லாமல், நாற்றம் இல்லாமல், நல்லபடியாகப் போனார். அது உண்மைதான். அக்கா ஒவ்வொருவருக்கும் கைகூப்பினாள். அப்பா பேச்சைத் திரும்பப் பெற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. மருந்தில் வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

அவருக்கு முழு வாக்கியமாகப் பேச்சு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நான் அவருடைய சக்கர நாற்காலியின் பிரேக்கை முடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை, அப்பாவின் தங்கை, பேருந்தில் வந்திருந்தார். அக்கா பாடத்தை நிறுத்தவில்லை, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அட்டைகளைத் தொடர்ந்தாள். அத்தைக்குப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது.

“ஒனக்கு நல்ல நேரம்ணே. வீட்டுலயே மிஸ்ஸி இருக்கு. டீச்சருக்குத்தான் போவேன்னு நின்னாளே அப்ப. போயிருந்தா இன்னிக்கு ஒன்ன யாரு பாப்பா?”

அக்கா கையிலிருந்த அட்டையை இறக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல முயல்வதை எங்களுக்கு முன் அவள்தான் கண்டாள். அதுவரை அவர் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்ததில்லை. உதடு குவிந்தது, விரிந்தது. அத்தை எடுத்துக் கொடுக்கப் போனார், அக்கா கையை நீட்டித் தடுத்தாள். காத்திருந்தாள்.

“சாமி… சொல்லுச்சு,” என்றார் அப்பா. இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. “நான்… நான்… கேட்டேன்.”

அத்தை தலைமேல் கைகூப்பினார். என் கையில் திருகாணி நின்றுவிட்டது. அக்காவைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. ஒரு முழு வாக்கியம். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, அவள் சொல்லிக் கொடுத்த இடத்திலெல்லாம் நிறுத்தம் இருந்தது.

“நல்லா சொன்னீங்கப்பா,” என்றாள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார். ‘நான்’ ஒரே முறைதான் வந்தது.

“இன்னொரு தடவ. நிறுத்தாம.”

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்து, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னார். அக்கா தலையை அசைத்துவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தாள்.